எக்ஸ்பல்ஸ் 200: மண்பாதைக்கு ஏற்ப மாற்றுவதும் பராமரிப்பதும் – முழுமையான வழிகாட்டி

தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஒரே வண்டியில் போக ஆசைப்படுகிற நடுத்தர வருமானக்காரருக்கு இந்தியச் சந்தையில் வெகுகாலம் பொருத்தமான வண்டி எதுவும் இருக்கவில்லை. ஹீரோ நிறுவனம் 2011-இல் கொண்டுவந்த 150 சி.சி. இம்பல்ஸ் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. 2019 மே மாதம் அதே நிறுவனம் எக்ஸ்பல்ஸ் 200-ஐ வெளியிட்டதும் நிலைமை மாறியது. முன்னால் 21 அங்குலமும் பின்னால் 18 அங்குலமும் கொண்ட கம்பிச் சக்கரங்கள், முன்பக்கம் 190 மி.மீ., பின்பக்கம் 170 மி.மீ. சஸ்பென்ஷன் நகர்வு, 220 மி.மீ. தரை இடைவெளி, 13 லிட்டர் டேங்க் என்று மண்பாதைக்கு அடிப்படையாக வேண்டியவை எல்லாம் ஒரு சாதாரண வண்டியின் விலையில் கிடைத்தன. 2020-இல் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்கேற்ப வந்த வண்டியில் ஆயில் கூலர் சேர்ந்தது. 2021 அக்டோபரில் நான்கு வால்வு என்ஜின் வந்தது. எந்த ஆண்டு வண்டியாக இருந்தாலும் 199.6 சி.சி. என்ஜின் தருவது ஏறக்குறைய 18 முதல் 19 குதிரைத்திறன்தான். சாதாரண வகையின் எடை 154 முதல் 159 கிலோ வரை இருக்கும்.

இந்த இரண்டு எண்களையும் மனத்தில் நிறுத்திக்கொண்டால் எந்த மாற்றம் தேவை, எது வீண் என்பது தானாகவே விளங்கிவிடும். குதிரைத்திறனைக் கூட்டுவது கடினம், செலவும் அதிகம். எடையைக் கூட்டுவதோ மிக எளிது. ஒரு கனத்த இரும்புக் கிராஷ் கார்டும் இரண்டு பெட்டிகளும் போதும். இந்த வண்டியின் பெரும் பலமே விழுந்தால் ஒருவர் தனியாகத் தூக்கி நிறுத்த முடிகிற எடைதான். ஆகவே இங்கே நான் சொல்லும் வரிசையில் பணம் முதலில் பராமரிப்புக்கும், அடுத்து ஓட்டுபவரின் உடலுக்கு வண்டியைப் பொருத்துவதற்கும், அதன் பிறகு டயருக்கும், பிறகு பாதுகாப்புக்கும் போகும்; என்ஜினுக்கு அநேகமாகப் போகாது.

முதல் வேலை: இருக்கிற வண்டியைச் சரியாக்குவது

பழைய வண்டியாக வாங்கியிருந்தாலும், ஓராண்டு ஓட்டிய சொந்த வண்டியாக இருந்தாலும், ஒரு புதிய பாகத்தையும் வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்க வேண்டும். வண்டியை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையில் படாதபடி தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். நேர்நிலையில் ஏதோ பள்ளத்தில் சிக்கியதுபோல் கை நின்றால், ஹேண்டில்பார் திரும்பும் அச்சிலுள்ள பேரிங்கில், அதாவது கோன்செட்டில், தடம் விழுந்துவிட்டது என்று பொருள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது ‘டக்’ என்ற அசைவு கிடைத்தால் கோன்செட் தளர்ந்திருக்கிறது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பதும் இதே போன்ற சோதனைதான். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங், அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் அச்சிலுள்ள புஷ். இந்தக் கோளாறுகள் இருக்கும்போது புதிய டயரோ விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரோ போட்டால், வண்டி ஏன் நேராகப் போகவில்லை என்பதை வெகுகாலம் தேடிக்கொண்டிருக்க நேரும்.

அடுத்து சக்கரக் கம்பிகள். ஒரு சிறிய ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக் கம்பியையும் லேசாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுக்கமான கம்பி ‘டிங்’ என்று தெளிவாக ஒலிக்கும், தளர்ந்த கம்பி மொத்தையாகச் சத்தமிடும். இரண்டு மூன்று கம்பிகள் மட்டும் தளர்ந்திருந்தால் கால் சுற்று, மீண்டும் கால் சுற்று என்று நாமே முடுக்கலாம். பல கம்பிகள் தளர்ந்திருந்தாலோ, ரிம் சுழலும்போது பக்கவாட்டில் அலைந்தாலோ, கோட்டம் எடுக்கத் தெரிந்த பழைய சைக்கிள் கடைக்காரரிடமோ பட்டறையிலோ கொடுத்துவிடுவது நல்லது. ஒரே கம்பியை வேகத்தில் முடுக்கிக்கொண்டே போனால் ரிம் நிரந்தரமாக வளைந்துவிடும்.

இதே நாளில் வண்டியின் முக்கியமான எல்லா நட்டு, போல்ட்டுகளையும் கையேட்டில் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் பாகம் வரை நகச்சாயத்தால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். மண்பாதையின் அதிர்வில் போல்ட் தளர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். காலையில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே கண்ணில் பட்டுவிடும். என் வண்டியில் இந்தச் சிவப்புக் கோடுகள் 30-க்கு மேல் இருக்கின்றன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அதற்கு மேலுள்ள கல்பாதைகளையும் சுற்றிவிட்டு இறங்கிய ஒரு மாலையில், கீழ்த்தகட்டைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளில் ஒன்று காணாமல் போய், மற்றொன்று பாதி கழன்று தொங்கியதைப் பார்த்த பிறகு கற்றுக்கொண்ட பழக்கம் இது. அலுமினியத்தில் முடுக்கும் இடங்களில் பலத்தைக் காட்ட வேண்டாம். மரை போய்விட்டால் லேத் பட்டறைக்குப் போய் புஷ் அடித்துத்தான் சரிசெய்ய முடியும். அதிர்வுக்கு ஆளாகும் சிறு போல்ட்டுகளின் மரையில் ஒரு சொட்டு நீல நிற லாக்டைட் விட்டால் போதும். சிவப்பு வகை வேண்டாம். அதைக் கழற்றச் சூடுகாட்ட வேண்டிவரும்.

உடலுக்கு ஏற்ப வண்டியைப் பொருத்துவது

மண்பாதையில் பாதி நேரம் நின்றுகொண்டுதான் ஓட்டுகிறோம். கடையிலிருந்து வரும் வண்டியோ உட்கார்ந்து ஓட்டுபவருக்காக அமைக்கப்பட்டிருக்கிறது. எனவே செலவே இல்லாத மாற்றம் லீவர்களில் தொடங்குகிறது. வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஃபுட்ரெஸ்டில் ஏறி, முழங்காலைச் சற்று மடக்கி, ஓட்டும் நிலையில் நில்லுங்கள். கையை நீட்டி இரண்டு விரல்களை கிளட்ச், பிரேக் லீவர்களில் வைக்கும்போது மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் லீவர்களைக் கீழே சாய்க்க வேண்டும். முன்கையும் விரலும் ஒரே நேர்க்கோட்டில் வரும் இடமே சரியான இடம். லீவரின் பிடியை முழுமூச்சாக முடுக்காமல், கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு விட்டுவிடுங்கள். வண்டி விழும்போது லீவர் சுழன்று தப்பித்துக்கொள்ளும், முறியாது.

நின்றபோது முதுகு கூனினால் ஹேண்டில்பாரை உயர்த்தும் கட்டை, அதாவது ரைஸர் தேவைப்படும். 5 அடி 8 அங்குலத்துக்குக் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. உயரமானவர்களுக்கு 20 முதல் 30 மி.மீ. ரைஸர் போதும். ரைஸர் போட்ட பிறகு ஹேண்டில்பாரை இரு புறமும் முழுமையாகத் திருப்பி, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் ஒயர்களும் இழுபடவில்லை என்பதை உறுதி செய்யாமல் சாலைக்குப் போகக் கூடாது. அகலமான, பல் உள்ள ஃபுட்ரெஸ்ட் நல்ல முதலீடு. நின்று ஓட்டும்போது உடலின் முழு எடையும் அதில்தான் இருக்கிறது. மழையில் நனைந்த ரப்பர் ஃபுட்ரெஸ்டிலிருந்து கால் வழுக்கினால் கணுக்கால்தான் விலை கொடுக்கும். கியர் லீவர் கனமான பூட்ஸுக்குக் குட்டையாக இருந்தால் நீளமான, நுனி மடங்கக்கூடிய லீவரை மாற்றலாம்.

இனி சஸ்பென்ஷன். ஆயிரக்கணக்கில் செலவழிக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு அளவு நாடாவை எடுத்து இந்த வேலையைச் செய்துபாருங்கள். வண்டியைச் சைடு ஸ்டாண்டின் மேல் சாய்த்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பி, சக்கர அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே பக்கவாட்டுப் பேனலில் ஒட்டிய ஒரு டேப் துண்டு வரையிலான தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், வழக்கமாகத் தூக்கும் பை ஆகியவற்றோடு நீங்கள் வண்டியில் ஏறி உட்கார, ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க, இன்னொருவர் அதே தூரத்தை மீண்டும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த நகர்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 170 மி.மீ.-க்கு 50 முதல் 55 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக அமுங்கினால் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கும் ப்ரீலோடு வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் ஒரு படி கூட்டி மீண்டும் அளக்க வேண்டும். மொத்தம் 10 படிகள் இருக்கின்றன. கடைசிப் படியிலும் 65 மி.மீ. அமுங்கினால் உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது என்று பொருள். அப்போது மாற்ற வேண்டியது ஸ்பிரிங்தானே தவிர முழு ஷாக் அப்சார்பர் அல்ல. 62 கிலோ எடையுள்ள என் தம்பியும் 84 கிலோ எடையுள்ள நானும் ஒரே வண்டியை மாறிமாறி ஓட்டுகிறோம். எங்கள் இருவருக்கும் இடையே மூன்று படி வித்தியாசம் வருகிறது. அதை மாற்றாமல் போனால் அவனுக்குப் பின்பக்கம் எகிறும், எனக்குப் பள்ளத்தில் தரை தட்டும்.

சாதாரண வண்டியின் முன் ஃபோர்க்கில் வெளியிலிருந்து திருப்பிச் சரிசெய்ய எதுவும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது அதிகமாக முங்குகிறது என்றால், முதலில் ஃபோர்க் ஆயிலை மாற்றிப் பார்க்க வேண்டும். நாள்பட்ட ஆயில் கறுத்துத் தண்ணீராக இளகியிருக்கும். இரண்டு கால்களிலும் ஆயில் மட்டம் ஒன்றாக இருப்பது முக்கியம். நிறுவனமே 2020-இல் தனியாக விற்ற ராலி கிட்டில் முன்னால் 250, பின்னால் 220 மி.மீ. நகர்வுள்ள, முழுமையாகச் சரிசெய்யக்கூடிய சஸ்பென்ஷன் இருந்தது. அது உண்மையிலேயே சிறந்தது. ஆனால் 2022-இல் வந்த ராலி எடிஷனில் இருக்கை உயரம் 885 மி.மீ. ஆனது. சாதாரண வண்டியின் 825 மி.மீ. உயரத்திலேயே நுனிக்காலில் நிற்பவர் அதை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். சேற்றில் கால் எட்டாமல் சாய்வதைவிட, குறைந்த நகர்வுள்ள வண்டியை நிதானமாக ஓட்டுவது மேல்.

டயர்

ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் டயரைத்தான் சொல்வேன். முன்னால் 90/90-21, பின்னால் 120/80-18 என்ற அளவுகள் உலகெங்கும் புழங்குபவை என்பதால் தேர்வுக்குப் பஞ்சமில்லை. நிறுவனம் தரும் டயர் தார்ச்சாலைக்கும் காய்ந்த மண்ணுக்கும் போதும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் நிலத்தில் ஒரு தூறல் விழுந்தபின் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் எல்லை தெரியும். கரிசல் டயரின் பள்ளங்களை அடைத்து, இரண்டு நிமிடத்தில் அதை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். அப்படிப்பட்ட நிலத்துக்குப் பெரிய, இடைவெளிவிட்ட கட்டைகள் கொண்ட டயர் வேண்டும். ஆனால் அது தார்ச்சாலையில் இரைச்சலிடும், விரைவில் தேயும், மழையில் நனைந்த சாலையில் பிரேக்குக்குக் குறைவாகவே பிடிக்கும். உங்கள் பயணத்தில் பத்தில் எட்டுப் பங்கு தார்ச்சாலை என்றால் நடுத்தரக் கட்டை டயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்டயரை மட்டும் ஒரு படி முரட்டு வகையாகப் போடுவது நல்ல உத்தி. பின்பக்கம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன்பக்கம் வழுக்கினால் விழத்தான் வேண்டும்.

காற்றழுத்தம் பற்றி ஓர் எச்சரிக்கை. தார்ச்சாலைக்கு வண்டியில் ஒட்டியுள்ள அளவையே பின்பற்ற வேண்டும். மணலிலும் சேற்றிலும் 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை குறைக்கலாம், டயர் தரையில் பரந்து பிடிக்கும். அதற்கும் கீழே போக வேண்டுமானால் டயரை ரிம்மோடு நெரித்துப் பிடிக்கும் ரிம் லாக் கட்டாயம். நாசரேத்துக்குத் தெற்கே தேரி மணலை ஒட்டிய ஊர்ப்பாதையில், ரிம் லாக் இல்லாமல் 12 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கிவிட்டு ஓட்டினேன். அந்தச் செம்மணலில் வண்டி படகுபோல மிதந்தது உண்மைதான். ஆனால் அரை மணி நேரத்தில் டயர் ரிம்மின் மேல் நழுவிச் சுற்றி, டியூபையும் தன்னோடு இழுத்து, வால்வை அடியோடு பிய்த்துவிட்டது. அந்தக் கிழிசலுக்கு ஒட்டுப் போட முடியாது. வால்வு ரிம்மில் செங்குத்தாக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்த்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். அதன் பிறகு வால்வின் கீழ் நட்டை ரிம்மோடு சேர்த்து முடுக்காமல், மேல் மூடியை ஒட்டித் திருகி விடுகிறேன். டயர் நழுவினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும், உடனே பிய்ந்துபோகாது. தார்ச்சாலைக்குத் திரும்பும்போது காற்றை மீண்டும் ஏற்ற ஒரு சிறு பம்பு பையில் இருக்க வேண்டும்.

எதைக் காப்பது, எதை விடுவது

என்ஜினின் அடிப்பகுதி, ஆயில் கூலர், கைகள் ஆகிய மூன்றையும் காத்தால் போதும். வண்டியோடு வரும் அலுமினியக் கீழ்த்தகடு சிறு கற்களுக்குச் சரி. பாறைப் படிகளில் ஏறுபவர்கள் 4 மி.மீ. கனமுள்ள, பக்கவாட்டிலும் வளைந்து மூடும் தகட்டை மாற்றலாம். தகட்டுக்கும் என்ஜினுக்கும் இடையில் சேறு தங்கி வெப்பத்தைச் சிறைப்படுத்தும் என்பதால், தண்ணீர் வடியத் துளைகளும் ஆயில் போல்ட்டை எட்ட ஒரு திறப்பும் உள்ள தகடாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயில் கூலருக்கு ஒரு துண்டு அலுமினிய வலை போதும். ஹேண்ட் கார்டு ஒரு முனையில் மட்டும் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்காக இருந்தால் காற்றையும் முள்ளையும்தான் தடுக்கும். உள்ளே அலுமினியப் பட்டை ஓடி, ஹேண்டில்பாரின் நுனியிலும் நடுவிலும் இரண்டு இடங்களில் பிடிக்கும் வகைதான் விழும்போது லீவரையும் விரலையும் காக்கும்.

கிராஷ் கார்டு வாங்கும்போது கடையிலேயே கையில் தூக்கிப் பாருங்கள். எட்டு, பத்து கிலோ கனக்கும் இரும்புக் கூண்டுகள் விற்பனைக்கு இருக்கின்றன; அவை வண்டி விழும்போது அடியின் பலத்தையும் தூக்கும் உழைப்பையும் கூட்டுகின்றன. டேங்கையும் என்ஜின் பக்கமூடிகளையும் காக்கும் சிறு வளையம் போதுமானது. சாமான்களுக்கும் இதே கணக்குதான். உலோகப் பெட்டிகளைவிட, இருக்கையின் இரு புறமும் தொங்கும் மென்மையான பைகள் எடை குறைந்தவை, விழும்போது காலை நசுக்காதவை. கனமான பொருள்களைக் கீழேயும் ஓட்டுபவருக்கு அருகிலேயும் வைத்து, வால்பக்கம் தூங்கும் பையை மட்டும் கட்ட வேண்டும்.

கூடுதல் விளக்கு வேண்டுமென்றால் வண்டியின் ஒயரிங்கை வெட்டி ஒட்டாமல், பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, ஃபியூசும் ரிலேயும் போட்டு அமைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 20 வாட் எடுக்கும் எல்.இ.டி. ஜோடி 12 வோல்ட்டில் 2 ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும்; 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஒவ்வொன்றும் 55 வாட் எடுக்கும் பழைய ஹாலஜன் ஜோடி 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இந்த வண்டிக்கு அது ஆகாது. எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் கோணத்தில் வைக்காமல் இருப்பதும், ஊருக்குள் அணைத்துவிடுவதும் நம் கடமை.

ஸ்பிராக்கெட், என்ஜின், சட்டம்

செங்குத்தான மண் ஏற்றங்களில் முதல் கியரே போதவில்லை என்று தோன்றினால் என்ஜினைத் தொடாமல் செயினைச் சுழற்றும் முன் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்துப் பாருங்கள். 13 பல்லுக்குப் பதில் 12 போட்டால் சக்கரத்தில் இழுவை 8 சதவீதம் கூடும். அதே கணக்கில் நெடுஞ்சாலையில் என்ஜினும் கூடுதலாகச் சுற்றும்; ஒரு குறிப்பிட்ட வேகத்தில் 6,000 சுற்றில் ஓடிய என்ஜின் இனி 6,500 சுற்றில் ஓடும். மலையடிவாரத்தில் குடியிருப்பவருக்கு இது வரப்பிரசாதம். சென்னையிலிருந்து 300 கி.மீ. ஓட்டி மலையை அடைபவருக்கு எரிச்சல்.

சைலன்சரை மாற்றுவது, ஏர் ஃபில்டர் பெட்டியில் துளை போடுவது, சிலிண்டரைப் பெரிதாக்குவது ஆகியவற்றை நான் பரிந்துரைக்கவில்லை. கூடுவது ஓரிரு குதிரைத்திறன், இழப்பது நம்பகத்தன்மை. ஃபில்டர் பெட்டியில் போட்ட துளை வழியாகத் தண்ணீரும் தூசியும் சேர்ந்தே நுழையும். சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எளிதில் கழற்றி மீண்டும் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றங்களோடு நிற்பதும், கழற்றிய பாகங்களைப் பத்திரமாக வைத்திருப்பதும் அறிவுடைமை. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றங்களை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். மண்பாதை என்று தெரிந்தவுடன் காட்டுக்குள் வண்டியை இறக்கிவிடவும் கூடாது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், அங்குள்ள உயிர்களுக்கும் அது பெருந்தொல்லை.

பராமரிப்பு: தூசி, செயின், தண்ணீர்

தார்ச்சாலை வண்டிக்கான சர்வீஸ் இடைவெளிகள் மண்பாதைக்குப் பொருந்தா. ஆயிலைக் கையேட்டில் சொன்ன கி.மீ.-இல் பாதிக்கே மாற்றிவிடுகிறேன். கிளட்ச் ஆயிலில் மூழ்கியே இயங்குவதால், ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று டப்பாவில் போட்டிருக்கும் இருசக்கர வாகன ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். கார் ஆயிலில் உள்ள வழுக்குச் சேர்மங்கள் கிளட்சை நழுவச் செய்யும்.

என்ஜினின் ஆயுளைத் தீர்மானிப்பது ஏர் ஃபில்டர்தான். மண்பாதையில் முன்னே செல்லும் வண்டி கிளப்பும் தூசியை நம் என்ஜின் மூச்சாக இழுக்கிறது. காகித ஃபில்டர் தொட்டால் எண்ணெய்ப் பசையாக இருந்தால் அதைக் கழுவவோ காற்றடித்துச் சுத்தம் செய்யவோ கூடாது. அந்தப் பசைதான் தூசியைப் பிடிக்கிறது, அழுக்கானால் புதிதாக மாற்றுவதே வழி. ஃபில்டரைக் கழற்றியதும், அதைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாக வந்தால் நிம்மதி. விரல் நுனியில் நறநறவென்று மண் தட்டுப்பட்டால் ஃபில்டரின் விளிம்பு சரியாக உட்காரவில்லை என்று பொருள். அந்த மண் சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் அரமாகத் தேய்க்கும். சில ஆயிரம் கி.மீ.-இல் வண்டி ஆயில் குடித்துப் புகைவிடத் தொடங்கும். விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூச்சு தடவி உட்காரவைப்பது எளிய தடுப்பு.

செயினின் தளர்ச்சியை வண்டி நிறுத்தியிருக்கும் நிலையில் பார்த்து இறுக்கிவிடுவது பலர் செய்யும் தவறு. சஸ்பென்ஷன் அமுங்கும்போது முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின்சக்கர அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிக இறுக்கமாகிறது. நீண்ட நகர்வுள்ள இந்த வண்டியில், நிற்கும்போது ‘சரியாக’ இருக்கும் செயின் பள்ளத்தில் இறங்கும்போது விறைத்து, கியர்பாக்ஸின் பேரிங்கையே இழுக்கும். எனவே இரண்டு பேரை இருக்கையில் உட்காரவைத்து அந்த நேர்க்கோட்டு நிலைக்குக் கொண்டுவந்து, அப்போதும் ஒரு விரல் அளவு ஆட்டம் மிச்சமிருக்கும்படி வைக்க வேண்டும். பிறகு வெறும் வண்டியில் அந்தத் தளர்ச்சி எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதிவைத்தால் அடுத்த முறை ஆள் தேவையில்லை. சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். ஓ-ரிங் உள்ள செயினில் பெட்ரோலும் கம்பி பிரஷும் படக் கூடாது. துடைத்து உலர்ந்தபின் 90 கிரேடு கியர் ஆயிலை உட்புறமாகச் சொட்டவிட்டு, மிச்சத்தைத் துணியால் எடுத்துவிடுங்கள். மணலில் ஓட்டப்போகும் நாளில் செயினில் எண்ணெய் குறைவாக இருப்பதே நல்லது. ஒட்டும் மணல் அதைத் தேய்த்துவிடும்.

கழுவும்போது அழுத்தத் தண்ணீரைச் சக்கர அச்சு, கோன்செட், ஸ்விங் ஆர்ம் அச்சு ஆகிய இடங்களில் நேராகப் பாய்ச்சக் கூடாது. கிரீஸ் கரைந்து வெளியேறி, உள்ளே தண்ணீர் தங்கும். ஃபோர்க்கின் ரப்பர் உறையை மேலே தூக்கி, உள்ளே சேர்ந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்தால் ஆயில் சீல் நீண்டநாள் உழைக்கும். பிரேக் பேடுகளைச் சேற்றுப் பயணத்துக்குப் பின் கழற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மூடியில் குறிப்பிட்ட அதே டாட் வகையால் மாற்ற வேண்டும். கிளட்ச் கேபிளுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. மாற்றுக் கேபிளைப் பையில் சுருட்டி வைக்காமல், இருக்கும் கேபிளின் பக்கத்திலேயே இழுத்து, இரு முனைகளையும் டேப்பால் மூடிக் கட்டிவிட வேண்டும். அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டும் வேலை மட்டும்தான் மிஞ்சும்.

தண்ணீரைக் கடக்கும்போது முதலில் நடந்து பாருங்கள். சக்கரத்தின் நடுவச்சு வரை ஆழம் என்றால் நிதானமாகக் கடக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். வண்டி தண்ணீரில் விழுந்து என்ஜின் நின்றுவிட்டால் எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் நுழைந்த தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதன்மேல் மோதினால் கனெக்டிங் ராடு வளையும். வண்டியைக் கரையேற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து வடியவிட வேண்டும். பிறகு பெட்ரோல் பம்பின் ஃபியூசை எடுத்துவிட்டு, பிளக் கேப்பைத் துளையிலிருந்து தள்ளிவைத்து, உள்ளிருக்கும் தண்ணீர் பீய்ச்சி வெளியேறும் வரை என்ஜினைச் சுற்றலாம். ஆயில் பால் கலந்த தேநீர் நிறமாக மாறியிருந்தால் அதை மாற்றாமல் ஓட்டக் கூடாது. மாற்றிய பிறகும் 50 கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்ற வேண்டும்.

கருவிப் பை

பையில் என்ன இருக்க வேண்டும் என்பதை வண்டியே சொல்லும். இரு சக்கர அச்சு நட்டுகளையும் மற்ற எல்லா போல்ட்டுகளையும் அளந்து பார்த்து, அந்த அளவு ஸ்பேனர்களை மட்டும் எடுத்துவையுங்கள். அதோடு மூன்று டயர் லீவர்கள், பம்பு, ஒட்டுப்போடும் பொருள்கள், ஒரு 21 அங்குல டியூப். அவசரத்துக்கு அதையே 18 அங்குலப் பின்சக்கரத்திலும் சற்று மடித்துப் போட்டு ஊர் சேரலாம் என்பதால் இரண்டு டியூப் தேவையில்லை. செயினை இணைக்கும் செயின் லாக், ஒயர், கேபிள் டை, டேப், எம்-சீல் ஆகியவையும் இடத்தை அடைக்காதவை.

இந்தப் பையை மட்டும் வைத்துக்கொண்டு, வேறு எதையும் தொடாமல், வீட்டு வாசலில் பின்சக்கரத்தைக் கழற்றி டியூபை மாற்றிப் பாருங்கள். டயர் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கக் கைபலம் போதாதபோது இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை அதன்மேல் இறக்கி அழுத்தலாம். லீவர் போடும் இடத்துக்கு நேரெதிரே டயரின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் முழங்காலால் அமுக்கி வைத்திருந்தால் மறுபுறம் சுலபமாக ஏறும். இது தெரியாதவர்கள்தான் லீவரை வளைத்து டியூபையும் கிள்ளிவிடுகிறார்கள். புது டியூபின்மேல் முகப்பவுடர் தூவி, வடிவம் வரும் அளவுக்குக் காற்றேற்றி உள்ளே நுழைக்க வேண்டும். முதல் முறை எனக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது, ஒரு ஸ்பேனர் குறைந்ததும் அப்போதுதான் தெரிந்தது. நான்காவது முறை 35 நிமிடத்தில் முடிந்தது.